அடுக்களைக் கழிவும் மண்புழுத் தொட்டியும்

இல்லத்தில் நாள்தோறும் கழித்து ஒதுக்கப்படும் காய்கறித் தோல், கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றை நிறுத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒரு கிலோகிராம் கழிவை நிறுத்து, அதனை வெயிலில் நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் எஞ்சுவது பெரும்பாலும் 200 கிராமுக்கு மேற்படாது. மீதியனைத்தும் தண்ணீரே. இத்தண்ணீர்தான் நகரக் குப்பைப் பிரச்னையின் வேர் எனலாம். தாளும் அட்டையும் கண்ணாடியும் தகரமும் உலர்ந்து தனித்திருக்குமாயின், அவற்றை விலை கொடுத்து வாங்கிச் செல்லப் பழைய சாமான் வியாபாரி இருக்கிறார். ஈரக் கழிவு அவற்றுடன் கலந்த அக்கணமே அனைத்தும் நாறும் சகதியாகி எவருக்கும் பயன்படாமற் போகின்றன. பின்னர் அச்சகதியை லாரியில் ஏற்றி ஊர்ப்புறத்துக்குக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. தண்ணீரைச் சுமந்து சென்று கொட்டுவதற்கே நகராட்சிகள் எரிபொருளைச் செலவிடுகின்றன என்றால் அது மிகையாகாது.

கொட்டப்பட்ட இடத்திலும் அது வாளாகிடப்பதில்லை. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் கழிவிலிருந்து மீதேன் என்னும் வாயு பிறக்கிறது. இஃது எளிதில் தீப்பற்றும் இயல்பினது. நூறாண்டுக் கணக்கில் பார்க்கும்போது, வளிமண்டலத்தைச் சூடேற்றுவதில் கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. மும்பை தேவ்னார் குப்பைமேடு 2016 ஜனவரியில் தீப்பற்றி நகரின் மீது புகையைப் பரப்பிற்று. தில்லியின் காஜிப்பூர் மேடு 2017 செப்டம்பர் 1ஆம் நாள் சரிந்து இருவர் உயிரைக் கொண்டது. 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகிலுள்ள பிரம்மபுரத்தில் மூண்ட தீ பல நாள் அடங்கவில்லை. நகராட்சித் திடக்கழிவு பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான மத்திய அரசு விதிகளிலேயே மக்கும் கழிவை மண்புழு உரமாக்குதல் ஒரு வழியாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டு விதிகள், கழிவை உண்டாக்குவோரே அதனை வகை பிரித்துக் கொடுத்தல் வேண்டும் என வற்புறுத்தின. பிரித்தெடுத்த ஈரக் கழிவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாமலே தீர்த்துக்கொள்ளும் முறைகளுள் ஒன்றே மண்புழுத் தொட்டி.

கழிவை உரமாக்குதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, உழவர்களின் எருக்குழிப் பழக்கத்தையும் சீன நாட்டு முறைகளையும் ஆராய்ந்து, இந்தூர் முறை எனப் பெயர்பெற்ற கம்போஸ்டு முறையை வகுத்தார். அவரும் யஷ்வந்த் வாட் என்பாரும் சேர்ந்து எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. இம்முறையில் கழிவுக் குவியல் தானே சூடேறி 60 டிகிரி சென்டிகிரேடையும் எட்டும். அச்சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துபடும். ஆனால் குவியல் சூடேறி அச்சூட்டைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் அதற்குப் பருமன் வேண்டும். ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியலில் பிறக்கும் சூடு அவ்வப்போதே வெளியேறிவிடும். மாடிக்குடியிருப்பில் ஒரு தாழ்வாரமும் இரண்டு பூந்தொட்டிகளும் மட்டுமே உடைய குடும்பத்திற்கு ஒரு கன மீட்டர் குவியல் கனவே. சூடின்றி, சிறு இடத்தில், சிறிது சிறிதாகக் கழிவைச் சிதைக்கும் ஆற்றல் மண்புழுவிடம் உள்ளது.

மண்புழுவின் உழைப்பை அளந்து காட்டிய முதல் விஞ்ஞானி சார்லஸ் டார்வின். 1837இல் லண்டன் புவியியற் சங்கத்தில் இதுபற்றி ஒரு கட்டுரை படித்த அவர், நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1881இல், மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என அவர் கணக்கிட்டார். பூந்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றின் அருகே பியானோவும் பிற வாத்தியங்களும் இசைக்கச் செய்தார். புழுக்கள் சிறிதும் பொருட்படுத்தவில்லை. தொட்டியைப் பியானோவின் மீதே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியபோதோ, அவை சட்டென வளைக்குள் ஒளிந்தன. காதில்லாத இப்பிராணி அதிர்வை உடலால் உணர்கிறது என்பதனை இவ்வாறு அறிந்தார். தமிழில் 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்திலும் நாங்கூழ்ப் புழு மண்ணைப் பதப்படுத்தும் உழைப்பு போற்றப்படுகிறது. நாடகத்தில் மண்புழுவுக்கு இடம் அளித்த புலவர் உலகில் வேறு எத்தனை பேர் இருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வீட்டுக்குள் பெட்டியில் புழு வளர்த்து அடுக்களைக் கழிவைத் தீர்க்கும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆப்பெல்ஹாஃப் என்னும் அம்மையார் 1982இல் வெளியிட்ட சிறு நூல் பரப்பிற்று. இந்தியாவில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ராதா காளே ஆப்பிரிக்கப் புழுவைக் கொண்டும், சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் நாட்டுப் புழுக்களைக் கொண்டும் செய்த ஆராய்ச்சிகளும் பிரசாரமும் குறிப்பிடத்தக்கவை.

எந்தப் புழு?

தொட்டி வைப்போர் செய்யும் முதற் பிழை புழுவின் தேர்விலேயே நேர்கிறது. தோட்டத்தை ஒரு முழம் தோண்டி, கிடைத்த புழுக்களை எடுத்துத் தொட்டியிலிட்டு, அதன்மேல் காய்கறித் தோலைக் கொட்டுவர். சில நாட்களில் புழுக்கள் ஓடிவிடும், அல்லது மடிந்துவிடும். ‘இம்முறை பயனற்றது’ என்னும் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும்.

மண்புழுக்கள் யாவும் ஒரே வாழ்க்கை நடத்துவன அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி மார்செல் பூஷே அவற்றை வாழிடம் பற்றி மூவகையாகப் பிரித்தார். நிலத்தின் மேற்பரப்பில், உதிர்ந்த இலைக்கும் சாணத்துக்கும் அடியில் வாழ்வன ஒரு வகை. மேல்மண்ணினுள் கிடைமட்டமாக வளை தோண்டி, மண்ணையே உண்டு, அதிலுள்ள மக்கிய பொருளைச் செரித்துக்கொள்வன மற்றொரு வகை. ஆழ்ந்த செங்குத்து வளையில் வாழ்ந்து, இரவில் மேலே வந்து இலையை இழுத்துச் செல்வன மூன்றாம் வகை. அடுக்களைத் தொட்டிக்கு உரியவை முதல் வகைப் புழுக்களே.

லக்னோவில் பேராசிரியராய் விளங்கிய கே. என். பாஹ்ல் 1926இல் ஃபெரிட்டிமா என்னும் மண்புழுவின் உடலமைப்பை விளக்கி எழுதிய நூலைக் கொண்டு, இந்நாட்டின் பல தலைமுறை மாணவர்கள் விலங்கியல் பயின்றனர். மண்புழு என்றதும் படித்தோர் மனத்தில் தோன்றுவது இதுவே. ஆனால் ஃபெரிட்டிமா மண்ணில் வளை தோண்டி வாழ்வது. தோலும் சக்கையும் நிறைந்த பெட்டி அதற்குப் பட்டினிச் சிறையே. வேறுபாட்டைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம். மண்ணினுள் வாழும் புழுக்கள் பொதுவாக வெளிறியவை, மெல்ல நகர்பவை. மேற்பரப்புப் புழுக்கள் சிறுத்து, முதுகுப்புறம் செம்பழுப்பு அல்லது ஊதா கலந்த செந்நிறம் பெற்று, தொட்டவுடன் துள்ளி நெளியும். பழைய சாணக் குவியலைக் கிளறினால் இவற்றைக் காணலாம்.

இந்தியாவில் இத்தொழிலுக்குப் பயன்படுவன முக்கியமாக மூன்று. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்பது இந்நாட்டுக்கே உரியது. வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால் மழை பெய்யும் இரவுகளில் கூட்டமாகத் தொட்டியை விட்டு வெளியேறும் தீய பழக்கம் இதற்கு உண்டு. யூட்ரிலஸ் யூஜீனியே மேற்கு ஆப்பிரிக்காவினின்று வந்தது. உருவில் பெரியது, பெருந்தீனி உண்பது. 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் செழிக்கும் இப்புழு வட இந்தியக் குளிரைத் தாங்காது. ஐஸீனியா ஃபீடிடா என்பது ஐரோப்பியப் புழு. குளிரையும் ஓரளவு வெப்பத்தையும் பொறுக்கும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்கு உகந்தது. ஆகவே கடற்கரைப் பகுதிகளிலும் தென்னாட்டிலும் முதலிரண்டும், தில்லி, லக்னோ போன்ற நகரங்களிலும் மலைப்பகுதிகளிலும் ஐஸீனியாவும் பொருந்தும். கிராமத்தில் உறவினர் உடையோர் சாணக் குவியலிலிருந்தே நாட்டுப் புழுக்களை ஒரு சிரட்டையில் கொண்டுவரலாம். மற்றோர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களையோ கிருஷி விஞ்ஞான கேந்திரங்களையோ அணுகலாம். இக்கேந்திரங்களுள் முதலாவது 1974இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்றது. பின்னர் இவை நாடெங்கும் பரவின.

தொட்டியினுள் நிகழ்வது

மண்புழுவுக்குப் பல் இல்லை. கத்தரிக்காய்த் தோலைக் கடித்துத் தின்ன அதனால் இயலாது. தொட்டியில் இட்ட கழிவின்மேல் முதலில் குடியேறுவன கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களும் பூசணங்களும் ஆகும். அவை தோலை இளக்கிக் கூழாக்குகின்றன. அக்கூழையும் அதில் மலிந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே புழு உறிஞ்சி விழுங்குகிறது. உணவு அரைவைப் பையை அடைந்து, ஆங்குள்ள மணல் துகள்களால் மாவாக அரைபடுகிறது, குடலில் செரிக்கிறது, எஞ்சியது சிறு குருணை வடிவில் வெளியாகிறது. இக்குருணையே உரம். மண்புழுத் தொட்டி என்று பெயர் வழங்கினும், பாதி வேலை நுண்ணுயிர்களுடையதே.

இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், தொட்டியைப் பற்றிய விதிகளில் பெரும்பாலானவை தாமே விளங்கும். கழிவைச் சிறிதாக நறுக்கி இடுவது ஏன்? நுண்ணுயிர்கள் பற்றுவதற்கு மேற்பரப்பு மிகுவதற்காக. புழுக்களை விடுமுன் ஒரு வாரம் காத்திருப்பது ஏன்? அவற்றுக்கு முன்னே நுண்ணுயிர்கள் குடியேறுவதற்காக. ஒரு பிடி தோட்ட மண் சேர்ப்பது ஏன்? அரைவைக்கு மணல் வேண்டும் என்பதற்காக. காற்றோட்டம் ஏன்? பிராணவாயு கிட்டும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் நாற்றமின்றிச் சிதைக்கின்றன. அது கிட்டாத இடத்தில் வளர்வன அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயுக்களை எழுப்புகின்றன.

புழுவுக்கும் பிராணவாயு வேண்டும். நுரையீரலோ செவுளோ அதற்கு இல்லை. ஈரமான தோலின் வழியே மூச்சு விடுகிறது. தோல் உலர்ந்தால் மூச்சடைத்து இறக்கும். காற்றற்ற தேங்கிய நீரில் கிடந்தாலும் அவ்வாறே. உப்பு அதன் தோலினூடே உடலின் நீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாயும், எஞ்சிய சாம்பாரும், உப்பிட்ட மோரும் தொட்டிக்கு ஆகா என்பதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருப்பினும், இரண்டு கூடியே இனம் பெருக்குகின்றன. முதிர்ந்த புழுவின் உடலில் மோதிரம் போன்ற தடித்த வளையம் ஒன்று தென்படும். அதிலிருந்து சுரக்கும் பொருள் எலுமிச்சை வடிவான சிறு முட்டைக் கூடாகிறது. இக்கூடு நெல்மணியினும் சிறியது. ஐஸீனியாவின் கூட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று குஞ்சுகள் வெளிவரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அவை முதிர்ச்சியடையும். புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்களாகும் என்று சிறுவர் கூறுவது தவறு. தலைப்பகுதி சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால் பகுதி மடியும்.

தொட்டி அமைத்தல்

புழுக்கள் தம் எடையில் ஏறத்தாழப் பாதியளவு கழிவை ஒரு நாளில் தீர்க்கும் என்பது நடைமுறைக் கணக்கு. ஒரு சிறு குடும்பத்தில் நாளொன்றுக்குத் தொட்டிக்கு ஏற்ற கழிவு 250 கிராம் எனக் கொள்வோம். அதற்கு 500 கிராம் புழு வேண்டும். ஐஸீனியா என்றால் எண்ணிக்கையில் ஆயிரம் அளவு. மேற்பரப்பில் வாழ்வனவற்றுக்கு ஆழம் தேவையில்லை, அகலமே தேவை. மேற்சொன்ன அளவுக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உடைய பெட்டி போதும். ஒடுங்கி உயர்ந்த வாளியைக் காட்டிலும் பரந்த முற்றம் போன்ற பாத்திரமே நன்று. வாளியில் அடிப்பகுதி நசுங்கிக் காற்றற்றுப் போகும்.

பழப்பெட்டி, பிளாஸ்டிக் தொட்டி, வாய் அகன்ற மண்தொட்டி ஆகிய எதுவாயினும் ஆகலாம். அடியில் சுண்டுவிரல் நுழையாத அளவில் பத்துப் பதினைந்து துளைகள் இட்டு, நான்கு செங்கற்களின்மேல் நிறுத்தி, கீழே ஒரு தட்டு வைத்தல் வேண்டும். விளிம்பை ஒட்டியும் சில துளைகள் காற்றுக்காக வேண்டும். அவற்றைக் கொசுவலைத் துணியால் மூடலாம்.

படுக்கைக்குக் காய்ந்த இலைச்சருகு, கிழித்த செய்தித்தாள், தேங்காய் நார்க்கழிவு ஆகியவை ஏற்றவை. நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பின்னரே இடவேண்டும். வழவழப்பான வண்ணத் தாள் வேண்டா. வேப்பிலை, யூகலிப்டஸ் இலை ஆகியவற்றையும் விலக்குவது நலம். இவற்றுடன் ஒரு பிடி மண்ணும், இரண்டு மூன்று வாரம் ஆறிய பழஞ்சாணம் சிறிதும் கலந்து, நீர் தெளித்து, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புக. புதுச்சாணம் சூடேறி அம்மோனியா வாயுவை விடும்; அது புழுக்களுக்கு நஞ்சு. ஈரத்தைச் சோதிப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் மிகை, கசியாவிடில் குறை.

ஒரு வாரம் சென்றபின், புழுக்களை மேலே பரப்பிவிட்டால் ஒளிக்கு அஞ்சி அவை தாமே உள்ளே இறங்கும். கண் இல்லாவிடினும் ஒளியை உணரும் உயிரணுக்கள் அவற்றின் தோலில் உண்டு. முதல் இரவு சில புழுக்கள் சுவரேறி வெளியேற முயலும். அன்றிரவு தொட்டியின்மேல் ஒரு விளக்கை எரியவிட்டால் அடங்கியிருக்கும்.

உணவிடல்

தொடக்கத்தில் கை அடக்கம் வேண்டும். முதல் இரண்டு வாரம் கணக்கிட்ட அளவில் கால் பங்கே இடுக. பின்னர் முன்பு இட்டது மறைந்த வேகத்தைப் பார்த்துக் கூட்டுக. தொட்டியின் ஒரு மூலையில் சிறு குழி செய்து, நறுக்கிய கழிவை இட்டு, அதே அளவு சருகால் மூடி, அடுத்த முறை அடுத்த மூலைக்குச் செல்க. சருகு வெறும் மூடியன்று. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. சருகிலும் தாளிலும் கரிச்சத்து மிகுதி. கரி 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்னும் விகிதம் நுண்ணுயிர்களுக்கு உகந்தது. சருகின்றிக் கழிவையே இட்டால் மிகுந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். தொட்டி கெட்டது என்று வரும் புகார்களை ஆராய்ந்தால், பத்தில் எட்டேனும் சருகுப் பஞ்சமாகவே இருக்கும்.

காய்கறித் தோல், கீரை, பழத்தோல், தேயிலை, காப்பிச் சக்கை, பொடித்த முட்டை ஓடு ஆகியன நல்லுணவு. முட்டை ஓடு புளிப்பைத் தணிக்கும், அரைவைக்கும் உதவும். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி, தயிர் ஆகியவற்றை இடுதல் எலியையும் ஈயையும் அழைப்பதாகும். சமைத்த சோற்றைச் சிறிதளவு பரவலாக இடலாம். கட்டியாக இட்டால் புளித்துச் சூடேறும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல்களும் மிளகாயும் மிகுதல் கூடாது. வெங்காயத்தைப் பற்றி ஒரு செய்தி: டார்வினின் புழுக்கள் வெங்காயத்தை விரும்பித் தின்றன என அவரே எழுதியுள்ளார். எனவே அது நஞ்சன்று. ஆயினும் மூடிய சிறு பெட்டியில் குவியலாக இட்ட வெங்காயத் தோல் வீசும் நெடியைப் புழு பொறுத்தாலும் வீட்டார் பொறுப்பதில்லை. மற்றவற்றுடன் கலந்து சிறிது இடுவதில் தீங்கில்லை. நாய், பூனை ஆகியவற்றின் மலத்தை எக்காரணம் பற்றியும் இடலாகாது. தொட்டி சூடேறாது, ஆகவே அதிலுள்ள நோய்க் கிருமிகளும் புழு முட்டைகளும் அழியும் என்று நம்புவதற்கில்லை.

மாம்பழக் காலத்தில் தோலும் கொட்டையும் ஒரே நாளில் இரண்டு கிலோ சேரும். அவை அனைத்தையும் தொட்டியிலிட்டால் சர்க்கரை புளித்துச் சாராய வாடை எழும். புழுக்கள் கூட்டமாக மேலேறும். தோலை நிழலில் வாடவிட்டுப் பல நாட்களில் பகிர்ந்து இடுவதே வழி. கொட்டை இங்கே மக்காது.

கோடையும் மாரியும்

புழுக்கள் பெரும்பாலும் சாவது பசியினால் அன்று, வெயிலினால். தொட்டியினுள் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டினால் எவ்வகைப் புழுவும் நீடித்து வாழாது. தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்தில் வெளியுஷ்ணம் 45 டிகிரியை எட்டுவதுண்டு. ஆயினும் அங்கெல்லாம் தொட்டி வைக்க இயலும். குடிநீர்ப் பானையின் தத்துவமே துணை செய்யும். சுட்ட மண்தொட்டியின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தொட்டியிலிருந்தே கவர்கிறது. உலர்ந்த காற்றில் இம்முறையால் உள்ளுஷ்ணம் வெளியுஷ்ணத்தினும் பல டிகிரி தாழும். பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் கசிவதில்லை. அதனைச் சுற்றி ஈரச்சாக்கைப் போர்த்தினால் ஓரளவு அதே பயன் கிட்டும். சென்னை, மும்பை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாகையால் ஆவியாதல் குன்றும். எனவே ஈரச்சாக்கின் உதவியும் குறைவே. அங்கு நிழலும் காற்றோட்டமுமே காப்பு. வடக்கு நோக்கிய தாழ்வாரமோ, குளியலறைக்கு வெளியேயுள்ள மூலையோ நல்ல இடம். மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்த தொட்டி ஒரே பகலில் அழியக்கூடும்.

வடநாட்டு டிசம்பர், ஜனவரியில் எதிர்நிலை. ஐஸீனியா மந்தமாகும், ஆனால் சாகாது. அக்காலத்தில் உணவைப் பாதியாகக் குறைத்து, தொட்டியை அடுக்களைக்குள் எடுத்து வைத்து, மேலே சருகைக் கனமாகப் போர்த்துதல் போதும்.

மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தால் தொட்டி உலர்வதே இல்லை. நீர் தெளிப்பதை நிறுத்தி, உலர்ந்த தாளைக் கிழித்துச் சேர்க்க வேண்டும். கீழ்த் தட்டில் சேரும் பழுப்பு நீரை நாள்தோறும் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் கொசு முட்டையிடும். இந்நீரை உயர்ந்த திரவ உரம் எனச் சிலர் போற்றுவர். அது பெரும்பாலும் மக்காத கழிவின் சாறே. பத்து மடங்கு நீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கீரைமீது தெளித்தல் கூடாது. தட்டு ஓயாமல் நிறைகிறது என்றால் அது தொட்டியின் செழிப்பைக் காட்டுவதன்று, மிகை ஈரத்தையே காட்டுவது.

எறும்பு வருமாயின் படுக்கை உலர்ந்தது என்று பொருள். செங்கற்களுக்குப் பதிலாக நான்கு சிறு கிண்ணங்களில் நீர் ஊற்றி, அவற்றுள் நிறுத்திய கற்களின்மேல் தொட்டியை வைத்தால், அலமாரியைக் காப்பது போலவே காக்கலாம். பழ ஈக்கள் மொய்த்தால் கழிவு மூடப்படவில்லை. தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள் கூட்டமாக நெளிந்தால் அவை கருப்புச் சிப்பாய் ஈயின் இளம்புழுக்கள். கண்டோர் அருவருத்துத் தொட்டியையே எறிந்துவிடுவதுண்டு. அவை நோய் பரப்பும் வீட்டு ஈ அல்ல, கழிவைத் தின்பவையே. ஈரத்தையும் உணவையும் குறைத்தால் தாமே ஒழியும். பூச்சிமருந்து தெளிப்போர் ஈயுடன் புழுவையும் கொல்வர்.

உரம் எடுத்தலும் அதன் பயனும்

இரண்டு முதல் மூன்று மாதத்தில் படுக்கை கருத்து, தேயிலைத் தூளை ஒத்த குருணையாகி, மழை பெய்த மண்ணின் மணம் பெறும். அப்போது அதனைத் தொட்டியின் ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறுபாதியில் புதுப்படுக்கை அமைத்து, அங்கு மட்டுமே உணவிட்டுவரின், மூன்று நான்கு வாரத்தில் புழுக்களில் பெரும்பாலானவை உணவைத் தேடி இடம் மாறிவிடும். அவசரமாயின், உரத்தை ஒரு சாக்கின்மேல் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் வைத்து, புழுக்கள் உள்நோக்கி இறங்க இறங்க மேலுள்ளதைக் கையால் வழித்தெடுக்கலாம்.

இட்ட கழிவின் எடையில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் உரமாகக் கிட்டும். மற்றது நீராவியாகவும் கரியமிலவாயுவாகவும் போய்விட்டது. விளம்பரங்கள் இவ்வுரத்தை அமுதம் போல வருணிக்கின்றன. உண்மையில் அதிலுள்ள நைட்ரஜன் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கே. யூரியாவில் 46 பங்கு. எடைக்கு எடை ஒப்பிட்டு மண்புழு உரத்தை யூரியாவுக்கு மாற்று என்பது பொருந்தாது. அதன் சிறப்பு வேறு. மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்து வைத்து, சத்துக்களை மெல்ல மெல்லச் செடிக்கு ஊட்டுகிறது. மிகுதியாகிவிட்டால் வேரைக் கருக்கும் அபாயம் ரசாயன உரத்தைப்போல் அதற்கு இல்லை. பூந்தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அளவு கலத்தல் போதும். உரத்தை மட்டுமே நிரப்பிய தொட்டியில் நாற்று செழிப்பதில்லை.

மேற்கூறியபடி தொட்டி சூடேறாததால் தக்காளி, மிளகாய், பூசணி விதைகள் உயிருடன் உரத்தில் தங்கும். ரோஜாச் செடியின் அடியில் தக்காளி முளைத்திருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை, வேண்டாதவர் பிடுங்கிவிடலாம்.

சலித்தெடுத்த உரத்தில் கண்ணுக்குத் தப்பிய முட்டைக் கூடுகள் பல இருக்கும். அதனை உடனே செடிகளுக்கு இடாமல், ஈரச்சாக்கால் மூடி மூன்று வாரம் வைத்திருந்து, நடுவில் ஒரு துண்டு வாழைப்பழத் தோலைப் புதைத்து வைத்தால், பொரித்த குஞ்சுகள் அத்தோலைச் சுற்றிக் குவியும். வெண்ணூல் போன்ற அவற்றைத் தோலோடு எடுத்துப் பழைய தொட்டியில் விடலாம். அல்லது புதிதாகத் தொட்டி வைக்க விரும்பும் அயலாருக்குக் கொடுக்கலாம்.